பதிப்பித்தவருக்கும் பரிசு உண்டா?

ஈரானியல் துறையில் சிறந்த முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தேர்ந்தெடுக்கும் நடுவர்களுக்கு,

1979 புரட்சிக்குப் பிறகு ஈரானை விட்டு வெளியேறியவர்களில் பலர் தங்கள் நாட்டைப் பற்றிய படிப்பையும் கூடவே கொண்டு போனார்கள். அமெரிக்காவின் மேரிலாந்தில் 1981-இல் தொடங்கிய ஈரானிய ஆய்வுகள் அறக்கட்டளை ‘ஈரான் நாமே’ என்ற காலாண்டிதழை நடத்தியது, வாய்மொழி வரலாறுகளைப் பதிவு செய்தது, ஈரானைப் பற்றிய சிறந்த முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு ஆண்டுப் பரிசு வழங்கும் வழக்கத்தையும் ஏற்படுத்தியது. 1967-இல் தோன்றிய ஈரானிய ஆய்வுகள் சங்கத்திலும் சமூகவியலாளர் மெஹ்ர்தாத் மஷாயெகியின் பெயரில் ஓர் ஆய்வேட்டுப் பரிசு உண்டு. இத்தகைய பரிசுகளில் கிடைக்கும் பணம் யாரையும் வாழவைத்துவிடாது. ஆனால் பட்டம் வாங்கிய கையோடு வேலை தேடி அலைபவரின் தன்விவரக் குறிப்பில் அந்த ஒரு வரிக்குப் பெரிய கனம் இருக்கிறது. பரிசு பெற்றது எப்படிப்பட்ட ஆய்வேடு என்று பார்த்துத்தான் அடுத்து வரும் மாணவரும் தலைப்பைத் தேடுகிறார். அவருடைய நெறியாளரும் அதையே சுட்டிக்காட்டுகிறார். ஆண்டுக்கு ஒருவருக்கு நீங்கள் தரும் பரிசு, பரிசு பெறாத நூறு பேரின் உழைப்பு எந்தப் பக்கம் போகும் என்பதையும் ஓரளவு தீர்மானிக்கிறது. அதனால்தான் உங்கள் துறைக்கு வெளியே இருந்து படிக்கும் ஒரு தமிழ் வாசகருக்கும் அதில் அக்கறை வருகிறது.

வேண்டுகோள் ஒன்றுதான். பல கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டு ஒரு நூலைப் பதிப்பித்த ஆய்வேடு, எழுத்தில் வராத ஒரு மொழிக்கு இலக்கணம் எழுதிய ஆய்வேடு, கவனிப்பாரற்றுக் கிடக்கும் ஒரு சுவடித் தொகுப்புக்கு விளக்க அட்டவணை செய்த ஆய்வேடு ஆகியவை மற்ற எந்த ஆய்வேட்டுக்கும் சமமாகப் பரிசுக்கு உரியவை என்று உங்கள் அறிவிப்பில் வெளிப்படையாக எழுதுங்கள். எழுதியபடியே தேர்ந்தெடுக்கவும் செய்யுங்கள். இப்போதும் யார் தடுத்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். விதியில் தடை இல்லாமல் இருக்கலாம், வழக்கத்தில் இருக்கிறது. புதிய வாதம், புதிய பார்வை, துறையின் கேள்விகளையே மாற்றும் அணுகுமுறை என்றுதான் ஆய்வேட்டுப் பரிசுகளின் அளவுகோல்கள் பொதுவாகப் பேசுகின்றன. எந்த அளவுகோலும் தவறல்ல. ஆனால் முந்நூறு பக்கம் மூலபாடமும் அடியில் பாடபேதங்களுமாக வரும் ஓர் ஆய்வேட்டை இந்தச் சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு அளந்தால் அது முதல் சுற்றிலேயே ஓரமாக ஒதுங்கிவிடும். ஆங்கிலம் பேசும் நாடுகளின் பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரையும் இதற்கு ஒத்தே போகிறது: பதிப்பு வேலையை நிரந்தர வேலை கிடைத்த பிறகு வைத்துக்கொள், இப்போது ஒரு வாதத்தை எழுது. நிரந்தர வேலை கிடைத்தவர்களில் எத்தனை பேர் திரும்ப வந்து அந்தப் பிரதியைப் பிரிக்கிறார்கள் என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள்.

உங்கள் துறையின் மூத்தவர் ஒருவரையே எடுத்துக்கொள்வோம். எஹ்சான் யார்ஷாதெர் (1920–2018) கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு ‘என்சைக்ளோபீடியா ஈரானிகா’ என்ற கலைக்களஞ்சியத்தைத் தொடங்கி, வாழ்நாள் முழுவதும் அதைச் சுமந்தவர். ஈரானியல் படிப்பவர் யாரும் அதைத் தொடாமல் ஒரு பக்கம்கூட எழுத முடியாது. தெஹ்ரானில் இலக்கியத்தில் ஒரு முனைவர் பட்டம் பெற்ற பிறகு அவர் லண்டனுக்குப் போய் ஈரானிய மொழியறிஞர் வால்டர் ஹென்னிங்கிடம் இரண்டாவது முனைவர் பட்டத்துக்கு உழைத்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், கஸ்வீன் நகருக்குத் தெற்கே தாகெஸ்தானிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் பேசப்பட்ட தாத்தி வழக்குகள். பெயர்ச்சொல்லுக்குப் பால் உண்டா, வேற்றுமை எப்படி ஏற்கிறது, வினை எப்படி வளைகிறது என்று ஊர் ஊராகக் குறித்த வேலை அது. 1969-இல் தென் தாத்தி வழக்குகளின் இலக்கணமாக நூலுருவம் பெற்றது. அந்த ஆய்வேடு இன்று உங்கள் மேசைக்கு வந்தால், பக்கத்தில் கஜர் வம்சத்து அரசவையின் அதிகாரத்தையோ நாடு கடந்தவர்களின் நினைவையோ பேசும் ஓர் ஆய்வேடும் இருந்தால், எது வெல்லும்? இது குற்றச்சாட்டு இல்லை. நேர்மையாகக் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி.

அடிப்படை வேலையின் பலன் எவ்வளவு காலம் கழித்து, எந்தத் திசையிலிருந்து வரும் என்பதற்குப் பண்டைய பாரசீகத் தலைநகரான பெர்சிபோலிஸில் கிடைத்த களிமண் பலகைகளைவிட நல்ல சான்று கிடையாது. 1933-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய நிறுவனத்துக்காக எர்ன்ஸ்ட் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் அகழ்ந்தபோது கோட்டை மதிலை ஒட்டிய அறைகளில் ஆயிரக்கணக்கான பலகைகளும் துண்டுகளும் கிடைத்தன. பெரும்பாலானவை எலாமிய மொழியில் எழுதப்பட்டவை. முதலாம் தாரியஸின் ஆட்சியில் கி.மு. 509 முதல் 493 வரையிலான கணக்குகள். தானியம், மாவு, மது, ஆடு, யாருக்கு எவ்வளவு என்பதைத் தவிர அவற்றில் வேறு எதுவும் இல்லை. 1930-களின் நடுவில் ஆய்வுக்கான கடனாக அவை சிகாகோவுக்குப் போயின. ரிச்சர்ட் ஹாலக் என்பவர் அவற்றோடு பல பத்தாண்டுகள் உட்கார்ந்தார். நடுவில் இரண்டாம் உலகப் போர் வந்தபோது அமெரிக்க ராணுவம் அவரைச் சங்கேதக் குறிகளை உடைக்கும் பணிக்கு அழைத்துக்கொண்டது. சோவியத் வணிகச் செய்திகளின் சங்கேதத்தில் இருந்த பலவீனத்தை 1943-இல் கண்டுபிடித்தவர் அவர்தான். எலாமியம் படித்த கண்ணுக்கு அது பெரிய காரியமாகத் தோன்றியிராது. போர் முடிந்து பலகைகளுக்குத் திரும்பிய ஹாலக் 1969-இல் 2,087 பலகைகளின் வாசகத்தை மொழிபெயர்ப்போடு வெளியிட்டார். அந்த நூல் தன் காலத்தின் எந்தப் பெரிய விவாதத்துக்கும் விடை சொல்ல முயலவில்லை. வாசகத்தைச் சரியாகப் படித்துத் தருவதே அதன் நோக்கம்.

அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். தாரியஸின் அகமேனியப் பேரரசைப் பற்றி அதுவரை உலகம் அறிந்ததில் பெரும்பகுதி கிரேக்கர் எழுதிவைத்தது, அதாவது எதிராளியின் சாட்சியம். ஹாலக்கின் பதிப்பு வந்த பிறகுதான் அந்த அரசின் அன்றாட நிர்வாகம் தன் வாயாலேயே விரிவாகப் பேசியது. இர்தபமா என்ற அரச குலப் பெண் தன் சொந்த முத்திரையோடு பெரும் வேலையாள் கூட்டங்களை நிர்வகித்தது தெரிந்தது. பிள்ளை பெற்ற தாய்க்குத் தனிப் படி கொடுத்தார்கள் என்பதும், ஆண் பிள்ளை பெற்றவளுக்குப் பெண் பிள்ளை பெற்றவளைவிட இருமடங்கு கொடுத்தார்கள் என்பதும் தெரிந்தன. காந்தாரத்திலிருந்தும் சிந்துப் பக்கத்திலிருந்தும் அரச சாலையில் வந்துபோனவர்கள் எந்த இடத்தில் எவ்வளவு மாவு பெற்றார்கள் என்பது தெரிந்தது. பண்டைய ஈரானின் பெண்கள், உழைப்பாளர், பயணம் பற்றி இன்று எழுதப்படும் வாதங்கள் எல்லாம் இந்தக் கணக்குகளின் மேல் நிற்கின்றன. அந்தத் தொகுப்பிலிருந்து 2007-இல் பழம்பாரசீக மொழியிலான ஒரே ஒரு பலகையும் பதிப்பிக்கப்பட்டது. பழம்பாரசீகம் அரசரின் கல்வெட்டுகளுக்கு மட்டுமே பயன்பட்ட மொழி என்று அதுவரை எண்ணியிருந்தார்கள்; ஓர் அலுவலகக் கணக்கரும் அதில் எழுதியிருக்கிறார் என்பதற்கு அந்த ஒரு பலகை போதும். பலகைகளுக்கு நேர்ந்த இன்னொரு கதையும் உண்டு. 1997-இல் ஜெருசலேமில் நடந்த குண்டுவெடிப்பில் பாதிக்கப்பட்ட அமெரிக்கர்கள், ஈரான் அரசுக்கு எதிராகப் பெற்ற தீர்ப்பின் தொகைக்காக இந்தப் பலகைகளைப் பறிமுதல் செய்யக் கோரினார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், முடியாது என்று 2018 பிப்ரவரியில்தான் முடிந்தது. அத்தனை ஆண்டுகளும் பலகைகள் எங்கே போய்ச் சேரும் என்ற அச்சத்தில்தான் சிகாகோவில் அவற்றைப் படமெடுத்துப் பதிவு செய்யும் வேலை விரைந்தது. பொருள் கைவிட்டுப் போனாலும் எஞ்சக்கூடியது நல்ல பதிப்பு மட்டுமே என்பதை அங்கே இருந்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இனி, நீங்கள் முதலில் சொல்லக்கூடிய மறுப்புக்கு வருகிறேன். முனைவர் பட்ட ஆய்வேடு என்றால் அதில் ஒரு வாதம் இருக்க வேண்டும். பதிப்பில் வாதம் எங்கே இருக்கிறது என்பதே அந்த மறுப்பு. பாரசீகப் பெருங்காப்பியமான ஷாநாமாவை வைத்தே பதில் சொல்லலாம். கவிஞர் ஃபிர்தௌசி அதை முடித்தது 1010-இல். முழுமையாக முதலில் அச்சேறியது ஈரானில் அல்ல, கல்கத்தாவில், 1829-இல், டர்னர் மக்கன் என்ற ஆங்கிலப் படை அதிகாரியின் பதிப்பாக. பிறகு பாரிஸ் பதிப்பு வந்தது. 1960 முதல் 1971 வரை மாஸ்கோவில் ஒன்பது தொகுதிகளாக வந்த பதிப்பு, லண்டனில் உள்ள 1276-ஆம் ஆண்டுப் பிரதியைத் தலைமைப் பிரதியாகக் கொண்டது. அதுவே மிகப் பழையது என்று அப்போது கருதினார்கள். 1977-இல் இத்தாலிய அறிஞர் ஆஞ்ஜெலோ பியமொன்தேஸே, ஃபிளாரன்ஸ் தேசிய நூலகத்தில் குர்ஆன் விளக்கவுரை என்று எண்ணப்பட்டுக் கிடந்த ஒரு கட்டைப் பிரித்தபோது அது ஷாநாமாவின் முற்பாதியாக இருந்தது. அதில் கண்ட தேதி 1217-க்குச் சமம். ஒரு நூலகத்தின் சுவடிகளை ஒழுங்காகப் பார்த்து அட்டவணையிட்டதால் மட்டும் கிடைத்தது அது. அதை முதன்மையாக வைத்து, பதினைந்து பிரதிகளை ஒப்பிட்டு, ஜலால் காலெகி மொத்லக் எட்டுத் தொகுதிகளை 1988 முதல் 2008 வரை வெளியிட்டார். ஃபிளாரன்ஸ் பிரதிக்கு எவ்வளவு இடம் கொடுப்பது, படிக்கக் கடினமாக உள்ள பாடமே பழைய பாடம் என்ற நெறியை எங்கே நிறுத்துவது, எந்த ஈரடி பின்னால் வந்தவர் சேர்த்தது என்று ஒவ்வொரு பக்கத்திலும் அவர் முடிவெடுத்திருக்கிறார். அந்த முடிவுகளோடு மற்ற அறிஞர்கள் சண்டை பிடித்திருக்கிறார்கள், இன்னும் பிடிக்கிறார்கள். வாதம் இல்லாத இடத்தில் சண்டை எப்படி வரும்?

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். காலெகி மொத்லக் ஜெர்மனியில் முனைவர் பட்டத்துக்கு எழுதிய ஆய்வேடு ஷாநாமாவின் பெண்களைப் பற்றியது. உங்கள் அளவுகோல்களில் சுலபமாகத் தேறக்கூடிய தலைப்பு. ஆனால் ஷாநாமாவில் பெண்களை இழித்துச் சொல்லும், மக்கள் வாயில் ஃபிர்தௌசியின் பெயரோடு புழங்கும் சில ஈரடிகள் நம்பத்தகுந்த பழம் பிரதிகளில் இல்லை. அவை இடைச்செருகல் என்பது பின்னாளில் அவரும் அவரோடு உழைத்தவர்களும் செய்த பதிப்பு வேலையால் உறுதியானது. பெண்ணைப் பற்றிய ஃபிர்தௌசியின் பார்வை என்று ஒருவர் நூறு பக்கம் எழுதலாம். அந்த நூறு பக்கமும் யாரோ ஒரு பிரதியாளர் இடையில் எழுதிச் சேர்த்த வரிகளின் மேல் கட்டியதாக இருந்துவிட்டால், கோட்பாடு எவ்வளவு நுட்பமாக இருந்து என்ன பயன்? பதிப்பு வேறு, வாதம் வேறு என்று பிரித்து, ஒன்றை உழைப்பு என்றும் மற்றதைச் சிந்தனை என்றும் பெயரிடுவது நூலைப் படிக்காமல் நூலைப் பற்றிப் பேசுபவர்களுக்கு வசதியான பிரிவினை.

இதனால் எல்லாப் பதிப்பும் பரிசுக்குத் தகுந்தது என்று சொல்லவில்லை. ஒரே பிரதியைக் கண்ணை மூடிக்கொண்டு படியெடுத்து, நூலாசிரியரின் வாழ்க்கையைப் பழைய கலைக்களஞ்சியத்திலிருந்து பத்துப் பக்கம் எடுத்து முன்னே ஒட்டிய ஆய்வேடுகளும் உண்டு. ஈரானிலும் இந்தியாவிலும் பாரசீகத் துறைகளில் சுவடி பதிப்பிப்பது நீண்ட நாள் வழக்கம். அந்த வழக்கமே சில இடங்களில் இயந்திரத்தனமாகிவிட்டது. அவற்றை நீங்கள் தள்ளுவது நியாயம். கோட்பாட்டு ஆய்வேடுகளிலும் இதே அளவு பதர் உண்டு என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். பதிப்புகளும் பழசாகிப் போகும். மக்கன் போனார், மாஸ்கோ போனது. ஆனால் முகமது கஸ்வீனி 1912 முதல் 1937 வரை மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்த ஜுவைனியின் மங்கோலிய வரலாற்றை இன்றும் அடிக்குறிப்பில் காட்டுகிறார்கள். அவர் காலத்து வரலாற்றுக் கோட்பாடுகளை யார் காட்டுகிறார்கள்?

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. சுவடி, இலக்கணம், அட்டவணை என்று மீண்டும் தொடங்குவது, எட்வர்ட் சைத் 1978-இல் தோலுரித்துக் காட்டிய கீழைத்தேயவாதத்துக்குத் திரும்பும் வழி என்று சிலர் சொல்வார்கள். தாரியஸின் பெஹிஸ்தூன் கல்வெட்டை மலைமேல் ஏறிப் படியெடுத்த ஹென்றி ராலின்சன் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி. ஷாநாமாவை அச்சிட்ட மக்கனும் படையைச் சேர்ந்தவர்தான். மொழி கற்றதும் நாடு பிடித்ததும் ஒரே அலுவலகத்தில் நடந்தது உண்மை. அதை மழுப்பக் கூடாது. ஆனால் அந்த வரலாற்றின் பாடமாக மூலபாட வேலையையே கைவிட்டால் நடப்பது என்ன? பழைய அதிகாரிகளின் பதிப்புகளும் மொழிபெயர்ப்புகளும் மாற்று இல்லாததால் தொடர்ந்து ஆள்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் தமக்கு வேண்டிய நூலை வேண்டிய அளவு மொழிபெயர்த்து வைத்ததை, பேரரசை விமர்சிக்கும் ஆய்வேடே மேற்கோள் காட்டும் நிலை வருகிறது. கஸ்வீனி, தெஹ்கோதா, மொஜ்தபா மீனவி, இரஜ் அஃப்ஷார் ஆகிய ஈரானியர் தங்கள் வாழ்நாளைப் பதிப்பிலும் அகராதியிலும் நூற்பட்டியலிலும் செலவிட்டது வெள்ளைக்காரருக்குப் பின்பாட்டுப் பாட அல்ல. தங்கள் மொழியின் நூல்கள் தங்கள் கையால் சரியாக அச்சேற வேண்டும் என்ற பிடிவாதம் அது. சைத்தின் விமர்சனத்தை உண்மையாகவே ஏற்றவர்கள் இந்தப் பிடிவாதத்துக்குத்தான் பரிசு கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, இன்றைய ஈரான் பற்றி எரியும்போது பழஞ்சுவடிக்கு என்ன அவசரம் என்பது. தெருவில் இறங்கிய பெண்களைப் பற்றியும் பொருளாதாரத் தடைகளைப் பற்றியும் ஆய்வு வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் அவசரம் என்று பார்த்தால் அடிப்படை வேலைக்கும் அவசரம் உண்டு. தஜிகிஸ்தானின் மலைப் பள்ளத்தாக்கில் யக்னோபி என்றொரு மொழி இருக்கிறது. பட்டுப்பாதை வணிகர்களின் சோக்தியக் கிளையில் இன்று உயிரோடு எஞ்சியிருப்பது அது மட்டுமே. 1970-71-இல் சோவியத் அரசு அந்த மக்களைப் பள்ளத்தாக்கிலிருந்து பெயர்த்துப் பருத்தி வயல்களுக்குக் கொண்டுபோனது. பிறகு சிலர் திரும்பினார்கள், பலர் திரும்பவில்லை. ஈரானுக்குள்ளேயே யார்ஷாதெர் கேட்ட தாத்தி வழக்குகளைப் பேசும் வீடுகளில் பிள்ளைகள் பாரசீகத்துக்கு மாறிவருகிறார்கள். இவற்றைப் பதிவு செய்ய இன்னொரு தலைமுறை வரை காத்திருக்க முடியாது. ஆப்கானிஸ்தானின் பழைய பாக்திரிய மொழி ஆவணங்கள் 1990-களில் கள்ளச் சந்தை வழியாக வெளியே வந்தன. நிக்கோலஸ் சிம்ஸ் வில்லியம்ஸ் அவற்றைப் படித்து மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்திருக்காவிட்டால், ஒரு பெண் இரண்டு சகோதரர்களை மணந்துகொண்ட நான்காம் நூற்றாண்டுத் திருமண ஒப்பந்தம் இன்று யாரோ ஒரு சேகரிப்பாளரின் சுவரில் புரியாத தோலாகத் தொங்கியிருக்கும்.

அதோடு, ஈரானுக்குள் போய் ஆய்வு செய்வதன் விலை ஏறிவிட்டது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்ட மாணவர் ஒருவர் கஜர் காலத்து ஆவணங்களைப் படிக்கப் போய் 2016-இல் கைதாகி, உளவாளி என்று பத்து ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டு, 2019 டிசம்பரில் கைதிகள் பரிமாற்றத்தில்தான் வெளியே வந்தார். இந்த நிலையில் வெளிநாட்டு மாணவர் எதை வைத்து எழுதுவது? ஈரானுக்கு வெளியே இருப்பதை வைத்துத்தான். அப்படி இருப்பது கொஞ்சமா? இஸ்தான்புல், தாஷ்கண்ட், லண்டன் ஒருபுறம் இருக்கட்டும். பாட்னாவின் குதா பக்ஷ் நூலகம், ராம்பூர் ரஸா நூலகம், ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகம், கல்கத்தா ஆசியக் கழகம் ஆகிய இடங்களில் பாரசீகச் சுவடிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஆசியக் கழகத்தின் பாரசீகச் சுவடிகளை 1920-களில் அட்டவணையிட்டவர் ரஷ்யாவிலிருந்து வந்து சேர்ந்த விளாதிமீர் இவானோவ். சுவடிகளோடு பழகிய அந்தக் கைதான் பிற்பாடு பம்பாயில் இருந்துகொண்டு ஷியா இஸ்லாத்தின் ஒரு கிளையான இஸ்மாயிலிகளைப் பற்றிய ஆய்வு என்ற துறையையே எழுப்பியது.

சென்னைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாபின் அரசவை மொழி பாரசீகம். கர்நாடகப் போர்களையும் திருச்சிராப்பள்ளி முற்றுகைகளையும் நவாப் வாலாஜாவின் பக்கத்திலிருந்து சொல்லும் ‘துஸக்-இ-வாலாஜாஹி’ என்ற வரலாறு அந்த மொழியில் எழுதப்பட்டது. அதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முகமது ஹுசைன் நயினார் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1934-இலும் 1939-இலும் இரு பகுதிகளாக வெளியிட்டார். பாரசீகம் தெரியாத தமிழக வரலாற்றாசிரியர்களுக்கு, பிரெஞ்சு, ஆங்கிலக் கம்பெனிக் காகிதங்களைத் தாண்டி ஒரு குரல் கேட்டது அதனால்தான். தமிழ் நாட்டின் கதையில் ஒரு பகுதி பாரசீகத்தில் இருக்கிறது, அதைப் படிக்க இன்று ஆள் குறைவு. ஈரானியல் என்ற பெயரில் நீங்கள் கொடுக்கும் பரிசு இந்தப் பக்கத்துச் சுவடிகளையும் தன் எல்லைக்குள் வைத்துப் பார்த்தால், அவற்றைத் தேடி ஒரு மாணவராவது வருவார்.

நான்காவது மறுப்பு நடைமுறை சார்ந்தது: எலாமியமோ பாக்திரியமோ தெரியாத நடுவர் அந்த ஆய்வேட்டை எப்படி மதிப்பிடுவார்? உண்மையான சிக்கல்தான். ஆனால் அதைத் தீர்க்க வழி இருக்கிறது. அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் முப்பது பக்கத்தைக் கொடுத்து எழுத்துமூலம் கருத்துக் கேட்கலாம். பாடத்தேர்வு எந்த நெறியில் நடந்தது, பிரதிகளின் உறவு எப்படி நிறுவப்பட்டது, முன்னுரை அந்த நூலை அதன் காலத்தில் எங்கே வைக்கிறது என்பவற்றை மொழி தெரியாத நடுவரும் படித்து அறியலாம். சிலர் இதற்கு வேறு வழி சொல்லக்கூடும்: பதிப்புக்கும் இலக்கணத்துக்கும் தனியாக ஒரு சிறு பரிசு வைத்துவிடலாமே என்று. வேண்டாம். தனிப் பந்தியில் இலை போட்டால் அது மரியாதை ஆகாது. முதன்மைப் பரிசு வாதத்துக்கு, ஆறுதல் பரிசு உழைப்புக்கு என்ற ஏற்பாடு இன்றைய பிரிவினையை எழுத்திலும் ஏற்றிவிடும்.

கணினி வந்துவிட்டது, கையெழுத்தை அதுவே படித்துவிடும், இனி எதற்கு இந்தப் பாடு என்பாரும் உண்டு. கணினி படிக்கட்டும், நல்லது. எந்தப் பிரதியை நம்புவது, இரண்டு பாடத்தில் எது ஃபிர்தௌசியுடையது என்பதை யாராவது ஒருவர் பொறுப்பேற்றுச் சொல்ல வேண்டும். கணினிக்குக் கற்பிக்கவும் முதலில் மனிதர் சரியாகப் படித்த பக்கங்கள் வேண்டும்.

ஆகவே அடுத்த ஆண்டுக்கான அறிவிப்பை எழுதும்போது, தகுதியுள்ள ஆய்வேடுகளைச் சொல்லும் இடத்தில், மூலபாடப் பதிப்பு, மொழி இலக்கணம், சுவடி அட்டவணை ஆகியவையும் ஏற்கப்படும், அதே அளவுகோலில் அல்லாமல் அவற்றுக்குரிய அளவுகோலில் மதிப்பிடப்படும் என்ற ஒரு வாக்கியத்தைச் சேருங்கள். நெறியாளர்களுக்கு அனுப்பும் கடிதத்தில் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். அந்த மொழி தெரிந்த வெளி வாசகரை அழைக்கும் அதிகாரத்தை நடுவர் குழுவுக்குக் கொடுங்கள். முதல் ஆண்டில் ஒரு பதிப்பும் வராமல் போகலாம். வந்தவை தரமின்றியும் இருக்கலாம். அப்போது வேறு ஆய்வேட்டுக்கே பரிசைக் கொடுங்கள். ஆனால் அறிவிப்பில் அந்த வாக்கியம் ஐந்து ஆண்டுகளாவது அப்படியே இருக்கட்டும். இன்று சேரும் மாணவர் ஆய்வேட்டை முடிக்க ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகும்.

இப்படிக்கு,
பாரசீக வரலாற்றைத் தமிழில் படிக்க விரும்பும் ஒரு வாசகர்